சூரியகாந்தித் தண்டு ஊறிய நீர்

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று காலை எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, உங்கள் மண் பொட்டலத்தைப் பிரித்தேன். நேற்று சாயங்காலமே வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையும் எழுதும் மேசையும் எனக்கு ஒன்றுதான் என்பதால் காலை வரை விட்டுவைத்தேன். உள்ளே ஒரு சிறு உறை விதையும் ஒரு சீட்டும் இருந்தன. சீட்டில் ஒரே வரி: "கடுகு முளைக்கல. விதை மோசமா, மண் மோசமா, நான் மோசமா?" கீழே கையெழுத்துகூட இல்லை.

நான் நன்றாக இருக்கிறேன் என்பதை முதலில் எழுதியிருக்க வேண்டும். இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? காதுக்கு வாங்கிய கருவியைக் காதில் வைக்கிறீர்களா, இல்லை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறதா? போனில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் "என்ன, என்ன" என்பீர்கள், நான் கத்துவேன், ஏதோ சண்டை என்று கீழ்வீட்டு அம்மா மாடி ஏறி வந்துவிடுவார். கடிதமே நல்லது.

சில கேள்விகள். கடுகுக்கு முன்பு அந்த வயலில் என்ன இருந்தது? அறுத்த பிறகு தண்டுகளை என்ன செய்தீர்கள்? எத்தனை நாள் கழித்து விதைத்தீர்கள்? ஒன்றுமே முளைக்கவில்லையா, முளைத்துக் கருகியதா? மழுப்பாமல் எழுதுங்கள்.

பொட்டலத்தை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போகிறேன். பஸ்ஸில் மடியில் மண்ணை வைத்துக்கொண்டு போகும் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை என்பது ஒரு வசதி.

அன்புடன்,
நான்


மார்ச் 20

அன்புள்ள டாக்டருக்கு,

முழங்கால் என்னைவிட நல்லா இருக்கு. கருவி அலமாரியிலதான். அதைப் போட்டா என் பல்லு மெல்லற சத்தம் எனக்கே கேக்குது, பயமா இருக்கு. நீ வேளைக்குச் சாப்பிடறியா? கையெழுத்து மெலிஞ்ச மாதிரி தெரியுது.

உன் கேள்விக்கெல்லாம் பதில். முன்னாடி சூரியகாந்தி. நல்லா வந்துச்சு. தண்டை எரிக்கல. நீ ஒரு தடவை, எரிச்சா மண்ணுக்கும் கேடு, நெஞ்சுக்கும் கேடுன்னு எழுதியிருந்தே. அதனால எல்லாத்தையும் நறுக்கி உழுது உள்ளே விட்டேன். நாலஞ்சு நாள்லயே கடுகு தூவிட்டேன். அங்கங்கே ஒண்ணு ரெண்டு எட்டிப் பார்த்துச்சு. பிடுங்கிப் பார்த்தா வேர் நுனி பழுப்பா சுருண்டு கிடக்கு. முப்பது வருஷம் பம்பு மெக்கானிக்கா இருந்தவன் நான். தண்ணி வரலைன்னா குழாயைத் தட்டிப் பார்ப்பேன். கடுகு வரலைன்னா எதைத் தட்டறது, சொல்லு.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். அவன் வந்திருந்தான். பேரை எழுதினா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு அவன்னே எழுதறேன். என் மகன்தானே, எனக்குப் புரியும், உனக்கும் புரியும். "அம்மா போனப்புறம் பொழுது போகலைன்னு ஆரம்பிச்ச வயலு, இப்ப உங்க உயிரை வாங்குது. ஜூலை கடைசிக்குள்ள மறுபடி விதைச்சா இருங்க. இல்லைன்னா குத்தகைக்கு விட்டுட்டு எங்களோட வந்துடுங்க"ன்னு சொல்லிட்டான். கோவமா இல்ல, அக்கறையாத்தான் சொன்னான்.

உங்க விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்னிக்கு நான் உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், கடிதத்தை மட்டும் நிறுத்தாதேன்னு. நாலு வருஷமா நீ நிறுத்தல. ஆனா அந்த வீட்டுக்குப் போயிட்டா, அந்த விலாசத்துல இருந்து உனக்கு எழுதறது நல்லா இருக்காதும்மா. அவன் இப்பக் கட்டிக்கிட்ட பொண்ணு மனசு சங்கடப்படும். உனக்கும் தபால் வந்தா யார் வீட்டுத் தபாலோன்னு இருக்கும்.

அதனால கடுகு வந்தா நான் இங்கே. வராட்டி அங்கே. பார்த்துச் சொல்லு.

இப்படிக்கு,
தட்ட ஒண்ணும் கிடைக்காத மெக்கானிக்


ஏப்ரல் 2

அன்புள்ள மாமா,

வேளைக்குச் சாப்பிடுகிறேன். பேனாதான் மெலிந்துவிட்டது, வேறு வாங்கியிருக்கிறேன்.

விதை மோசமில்லை. ஈரத்தாளில் போட்டதில் ஏறக்குறைய எல்லாமே முளைத்தன. நீங்களும் மோசமில்லை. மண்தான், அதுவும் கெட்ட மண் அல்ல, இப்போதைக்குச் சீண்டக்கூடாத மண்.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன். உங்கள் மண்ணில் கிடந்த தண்டுத் துணுக்குகளைப் பொறுக்கி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து வடிகட்டினேன். பழைய தேநீர் நிறத்தில் நீர் இறங்கியது. வட்டக் கண்ணாடித் தட்டுகளில் தாள் விரித்துக் கடுகு அடுக்கி, சிலவற்றில் வெறும் நீர், சிலவற்றில் இந்த ஊறல் நீர் விட்டேன். வெறும் நீரில் வேர் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓடியது. ஊறல் நீரில் விதை வெடித்தது, வேர் தலை காட்டியது, அப்படியே நின்றுவிட்டது. நுனி பழுப்பு. நீங்கள் வயலில் பார்த்த அதே பழுப்பு. மூன்றாவது வகையில், ஊறல் நீரில் கரித்தூள் போட்டுக் கலக்கி வடித்த பிறகு விட்டேன். கரி அந்தச் சாற்றை உறிஞ்சிக்கொண்டது. கடுகு முளைத்து வந்தது. ஆக, தடுப்பது தண்டிலிருந்து இறங்கும் சாறுதான்.

சூரியகாந்தி நிற்கும்போதும் இதைச் செய்யும், செத்த பிறகும் செய்யும். பக்கத்தில் இன்னொன்று வரக்கூடாது என்பதற்கு அதனிடம் இருக்கும் ஒரே ஆயுதம். இடம்விட்டு நகர முடியாததற்கு வேறு என்ன வழி இருக்கிறது? கடுகு மாதிரிச் சின்ன விதைக்கு இது தாங்காது. மக்காச்சோளம், அவரை போன்ற பெரிய விதை என்றால் சமாளித்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்று புரியவில்லை. உங்களுடையது குட்டை ரகம். தண்டு விரல் பருமன்தான் இருக்கும். பொட்டலத்தில் இருந்த துணுக்குகளில் பாதிக்கு மேல் கட்டைவிரலைவிடத் தடிமன். உங்கள் வயல் தண்டு மட்டும் என்றால் இவ்வளவு காட்டமாக இறங்கியிருக்காது. அது யாருடைய தண்டு?

அன்புடன்,
நான்


ஏப்ரல் 11

அன்புள்ள டாக்டருக்கு,

உன் கண்ணுல மண்ணைத் தூவ முடியாதுன்னு தெரியாம மண்ணையே அனுப்பிட்டேன்.

பக்கத்து வயல்காரரோடது. அவர் குவிச்சு வெச்சு எரிக்கப் போனாரு. நான்தான் போய், "எரிக்காதீங்க, நம்ம வீட்டுப் பொண்ணு இதுலதான் வேலை பார்க்குது, மண்ணுக்கு உரம்னு சொல்லியிருக்கு"ன்னு பெருமையாப் பேசி, வண்டி வண்டியா என் வயலுக்கே கொண்டு வந்து போட்டேன். "உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை"ன்னாரு. கேக்கல. அவரு வயல்ல இப்பக் கடுகு இடுப்பளவு நிக்குது. தினம் காலைல வேலி ஓரமா நின்னு, "உரம் எப்படி வேலை செய்யுது"ன்னு விசாரிக்கறாரு.

உன் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி ஆச்சுன்னு நீ நினைச்சுடக் கூடாதுன்னுதான் முன்னாடியே சொல்லல. நீ எரிக்காதேன்னுதான் சொன்னே. ஊரான் தண்டையெல்லாம் அள்ளிட்டு வான்னு சொல்லல.

இப்ப என்ன செய்யணும்? உடம்பைப் பார்த்துக்கோ.

வேலி ஓரம் தலை குனிஞ்சவன்


ஏப்ரல் 19

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று அவரிடம் சொன்னீர்களே, அதற்காக இரண்டாவது முறை.

செய்ய வேண்டியது இதுதான். மக்காத தண்டு எது கண்ணில் பட்டாலும் வாரி, வயலுக்கு வெளியே ஓரமாகக் குவியுங்கள். எரிக்க வேண்டாம், அடுத்த வருடம் அதுவே உரம். பிறகு நன்றாக நீர் கட்டி, வடியவிட்டு, மறுபடி கட்டுங்கள். சாறு கொஞ்சம் நீரோடு இறங்கும். மீதியை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். அவற்றுக்கு நாள் கொடுக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு பொட்டலம் மண் அனுப்புங்கள். இங்கே விதைத்துப் பார்த்து, அதில் வேர் ஓடினால் எழுதுகிறேன். நான் எழுதும்வரை தூவாதீர்கள். இன்னொரு தடவை வீணானால் நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள், ஜூலைக்கெடு தாங்காது.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. பக்கத்து மேசைக்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது வடிதாள் கட்டுகளை வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வுக்கூடம் போகிறேன். தட்டுகள் காய்ந்துவிடக் கூடாது என்பது காரணம். காவலாளி கதவைத் திறக்கும்போது, "உங்களுக்கு லீவே கிடையாதாம்மா" என்று கேட்கிறார். "விதைக்குக் கிடையாது" என்கிறேன். வாரம் தவறாமல் இதே கேள்வி, இதே பதில். ஒரு ஞாயிறு அவர் கேட்காமல் விட்டுவிட்டார். நானாக நின்று வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனேன்.

உங்கள் மண்ணைப் பார்த்து மேலாளர், "இது எந்தத் திட்டத்தில் வருகிறது?" என்று கேட்டார். "வீட்டு மண்" என்றேன். "எந்த வீடு?" என்றார். நல்லவர்தான், வேறு எதையும் நினைத்துக் கேட்கவில்லை. தட்டைத் திருப்பி வைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நீர் கட்டும்போது வரப்பில் வழுக்கும். பார்த்து நடங்கள்.

அன்புடன்,
நான்


மே 24

மாமா,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது. மண்ணும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. வரப்பில் விழுந்துவிட்டீர்களா? பக்கத்து வயல்காரரிடமாவது சொல்லி ஒரு வரி எழுதச் செய்யுங்கள். எனக்குத் தபால் என்று வருவது மின்கட்டணச் சீட்டும் நீங்களும்தான். சீட்டு சரியாக வந்துவிட்டது.

நான்


ஜூன் 3

அன்புள்ள டாக்டருக்கு,

கோவிச்சுக்காதே. விழல, நல்லா இருக்கேன். ஊர்ல இல்ல. வேலையா போயிருந்தேன், சட்டுன்னு திரும்ப முடியல. திரும்பி வந்து பார்த்தா கதவுக்கு அடியில உன் கார்டு கிடக்கு. மனசு கேக்கல, செருப்பைக்கூட கழட்டாம உட்கார்ந்து எழுதறேன்.

தண்டெல்லாம் போறதுக்கு முன்னாடியே வாரிட்டேன். ரெண்டு தடவை நீர் கட்டினேன். மண் இதோட இருக்கு.

தோள்பட்டைதான் கழண்டு போச்சு. தூக்கி வெச்சுக்கிட்டே நடக்கணுமாம், உட்கார்ந்தா ஆகாது. கீழே இறக்கினா ஒரே அழுகை.

மூட்டையைச் சொல்றேன். அங்கே கொஞ்சம் மூட்டை தூக்கற வேலை.

நீ வேளைக்குச் சாப்பிடு.

மாமா


ஜூன் 14

அன்புள்ள மாமா,

நலமாகத் திரும்பினீர்களே, அது போதும்.

மண் தேறிக்கொண்டு வருகிறது. எங்கள் தோட்ட மண்ணில் ஓடும் வேரில் பாதி நீளம் உங்கள் மண்ணில் ஓடுகிறது. நுனிப் பழுப்பு குறைந்திருக்கிறது. இன்னும் சில வாரம் பொறுங்கள். ஜூலை தொடக்கத்தில் அடுத்த பொட்டலம் அனுப்புங்கள்.

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மூட்டையைத் தூக்கும்போது கழுத்துக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும். முதல் சில மாதம் கழுத்து நிற்காது. பால் குடித்த பிறகு தோளில் சாய்த்து முதுகைத் தட்டுங்கள். மூட்டை அழுவது அதற்காகவும் இருக்கலாம்.

அன்புடன்,
நான்


ஜூலை 6

அம்மாடி,

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு மூணு வாரம் ஆச்சு. உன்னோட அந்த நாலு வரியைப் படிச்சுட்டுப் பம்பு ஷெட்டுக்குள்ள போய் உட்கார்ந்துட்டேன். ஷெட்டுல யாரும் இல்ல, வீட்லயும்தான் யாரும் இல்ல, இருந்தாலும் அங்கே போய்த்தான் உட்கார்ந்தேன்.

பொண்ணு. ஏப்ரல் கடைசில பிறந்துச்சு. அவங்க வீட்டுல ஒத்தாசைக்கு ஆள் இல்லைன்னு என்னைக் கூப்பிட்டாங்க. உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்களுக்கு அந்தப் பத்து வருஷத்துல ஆகலையேன்னு நீ பட்டது எனக்குத் தெரியாதா. அதான் மூட்டையாக்கிட்டேன்.

கொள்ளை அழகா இருக்கு. என் மூக்கைப் பிடிச்சா விட மாட்டேங்குது. எனக்குக் காது கேக்காதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு போல, வாயைத் திறந்தா பக்கத்துத் தெருவுக்குக் கேக்கற மாதிரிக் கத்துது. எனக்கும் கேக்குது. கருவி இல்லாமலே கேக்குதும்மா.

இதெல்லாம் உனக்கு எழுதலாமா கூடாதான்னு தெரியாமலே எழுதறேன். போதும், நிறுத்திக்கறேன்.

ஆனா நீ ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நான் அங்கே போய்த்தான் ஆகணும்னு இல்ல. மண்ணு தேறிடுச்சுன்னு நீ ஒரு வார்த்தை எழுது, அன்னிக்கே விதைச்சுடறேன், இங்கேயே இருந்துடறேன். அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். நான் போயிட்டா உனக்கு எழுத யார் இருக்கா. அங்கே அந்தக் குழந்தைக்கு அப்பா இருக்கான், அம்மா இருக்கா. இந்தப் பக்கம் நீ தனி ஆள்.

மண்ணு இதோட. அவன் முப்பதாம் தேதி வர்றான். அதுக்குள்ள எழுது. நீ சொல்றதுதான்.

மாமா


ஜூலை 21

அன்புள்ள மாமா,

இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கப் போவதில்லை. உங்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நாளை எழுதுவேன். அதற்கு முன், யாருக்காவது நான் உண்மையான முடிவைச் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கூடத்தின் பதினாறு வருடப் பழக்கம், விடவில்லை. சொல்ல உங்களைவிட்டால் ஆள் இல்லை.

உங்கள் மண் தேறிவிட்டது. இன்று மதியம் தட்டுகளைத் திறந்தேன். கடுகு முழுக்க முளைத்திருக்கிறது. வேர்கள் வெள்ளையாக, நேராக, எங்கள் தோட்ட மண்ணில் ஓடியதைவிட ஒரு நூல் நீளமாகவே ஓடியிருக்கின்றன. நுண்ணுயிர்கள் வேலையை முடித்துவிட்டன. நாளைக்கே தூவலாம். இடுப்பளவு வரும்.

இந்த முளைக்காக நான் எவ்வளவு காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் வயலுக்காக என்று மேலாளரிடம் சொன்னேன். உண்மையில் எனக்காக. நீங்கள் அங்கேயே இருந்தால் மாதம் ஒரு கடிதம் வரும். மாடிப்படி முழுக்க என் பெயர் எழுதிய உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறலாம். மார்ச்சிலிருந்து ஒவ்வொரு தட்டையும் திறக்கும்போது, வா, வா என்று விதையைக் கெஞ்சியிருக்கிறேன். படித்தவள் செய்யும் காரியமா?

நேற்று மாலை உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். மண்ணைப் பற்றி மொத்தம் இரண்டு வரி. குழந்தையைப் பற்றி எழுதக்கூடாது என்று உங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டு எழுதியதே ஒரு பத்தி. கட்டுப்படுத்தாமல் எழுதியிருந்தால் எத்தனை பக்கம் வந்திருக்கும் என்று யோசித்தேன். நாலு வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய எதிலும் அந்தச் சத்தம் இல்லை. எல்லாவற்றிலும் என் சாப்பாடு, என் கையெழுத்து, என் உடம்பு. எனக்குக் காவலாக அந்த வீட்டில் தனியே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதை நான் கடிதத் தொடர்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மண் தேறிவிட்டது, ஆனாலும் நீங்கள் போங்கள்" என்று எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதினால் நீங்கள் போகமாட்டீர்கள். பெருந்தன்மையாக எழுதியிருக்கிறாள், உள்ளே எப்படித் தவிக்கிறாளோ என்று இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொள்வீர்கள். உங்களை எனக்குத் தெரியும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். போகச் சொல்ல மனிதர்கள் யாரும் கூடாது. மண் சொல்ல வேண்டும்.

யாருக்கும் நட்டமில்லை என்று எல்லாக் கோணத்திலும் யோசித்துவிட்டேன். குத்தகைக்கு எடுக்கிறவர் மக்காச்சோளம்தான் போடுவார். அது எப்படியும் வரும். பக்கத்து வயல்காரருக்கு வேலி ஓரம் பேச ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

இந்தப் பதினாறு வருடத்தில் ஒரு வேரைக்கூட நான் காகிதத்தில் நீட்டியதில்லை, குறைத்ததில்லை. மேலாளர் கேட்டபோதும் இல்லை, பக்கத்து மேசைக்காரர் கண்ணைச் சிமிட்டியபோதும் இல்லை. மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறேன். அந்த ஒன்றைத்தான் என் சொத்து என்று வைத்திருந்தேன்.

முளைகள் இருந்த தட்டை இப்போது மேசையில் வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கமாகத் தலை சாய்க்கத் தொடங்கியிருக்கின்றன. கீழ்வீட்டில் யாரோ கதவைச் சாத்துகிறார்கள்.

நாளைக் காலை, வேலைக்குப் போகும் முன், உங்களுக்கு இப்படி எழுதுவேன்: மண் இன்னும் தேறவில்லை மாமா. இந்த வருடம் அதில் கடுகு வராது.